குனிந்து வர வேண்டிய முற்றம்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலமாக இருக்கிறோம். பாய்லர் பக்கத்தில் நின்று நின்று அத்தானுக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது. தைலம் தேய்த்தால் போய்விடும் என்கிறார், தேய்க்கத்தான் நேரம் இல்லை. நீயும் உன் வீட்டு டீச்சரம்மாவும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நம் சலவைக்கூடத்தின் வெளிச்சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் புதிதாக அரசு அலுவலகம் கட்டுகிறார்கள் இல்லையா, அங்கே வருகிற வண்டிகளை நிறுத்த இடம் போதாதாம். நம் பின்முற்றம் முழுவதையும் அரசு எடுத்துக்கொள்கிறதாம். முற்றத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பயன்பாடற்ற காலி நிலம்'. காலி நிலம் என்பதால் விசாரணை கிடையாது, மூன்று மாதத்தில் ஒப்படைக்க வேண்டும்.

படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பு மொத்தமும் காய்கிற இடம் காலி நிலமா? அப்புறம்தான் போன மாதம் நில அளவை அதிகாரி வந்து போனது நினைவுக்கு வந்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வெளியாள் யார் முற்றத்துக்குள் வந்தாலும் கொடியில் இருக்கிற துணியை இறக்கிவிடுவோம். அடுத்தவர் துணி முகத்தில் படும்படி, வந்தவர் குனியக் கூடாது, வீட்டு ஆட்கள்தான் குனிந்து போக வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். அதிகாரி வருகிறார் என்றதும் உன் அத்தானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு துணி விடாமல் இறக்கினார். ஜீப் திரும்ப வேண்டும் என்று கம்பங்களைக்கூடத் தரையில் பதித்த குழாயிலிருந்து உருவி ஓரமாக அடுக்கினார். குழாய் வாயை மரமூடியால் மூடி, தண்ணீர் தெளித்துப் பெருக்கியும் வைத்தார். அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமான எடத்த நான் பாத்ததே இல்ல. இங்க என்ன இருக்கு?" என்றார். அத்தான், "ஒண்ணும் இல்ல சார், உங்களுக்காக எல்லாத்தையும் எடுத்துட்டோம்" என்றார். அந்தப் பதிலில் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம். நீயும் அதே இலாகாவில்தான் இருக்கிறாய். பத்திரத்தில் உன் பெயரும் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று உடனே எழுது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அத்தானின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? குட்டிக்குப் பல் முளைத்துவிட்டது. அதை வைத்து என் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். டீச்சர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபப்படாமல் கேள். அந்த அதிகாரி செய்ததில் விதிமீறல் எதுவும் இல்லை. அளக்கப் போகிற இடத்தில் கண்ணில் படுவதைத்தான் நாங்கள் எழுத வேண்டும். கம்பம் இல்லை, கொடி இல்லை, கட்டடம் இல்லை என்றால் அது காலி நிலம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

நோட்டீஸ் ஒட்டிவிட்டால் பெரும்பாலும் திரும்பி வராது. முட்டிமோதுவதை விட நல்ல விலை கேட்பது புத்திசாலித்தனம். அந்தப் பணத்தில் துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கிவிடலாம். அத்தானுக்கும் வேலை குறையும். ஒன்று யோசித்துப் பார். ரோடும் பள்ளிக்கூடமும் ஆகாயத்திலா நிற்கின்றன? எல்லாம் யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்த நிலம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தான் இப்போது ஒரு காலை மடக்காமலே நடக்கிறார், கேட்டால் பழகிவிட்டது என்கிறார்.

உன் கடிதம் வந்தது. கையெழுத்து உன்னுடையது, பேச்சு உன் ஆபீஸுடையது. இயந்திரம் வாங்கலாம் என்கிறாய். ஆஸ்பத்திரிக்காரர்கள் நமக்கு வேலை கொடுப்பதே வெயிலில் காய்ந்த துணி வேண்டும் என்றுதான். முற்றம் போனால் நம்மிடம் மிச்சம் இருப்பது ஒரு பாய்லரும் நான்கு தொட்டியும். அதை வைத்துக்கொண்டு ஈரத்துணியை யார் தலையில் கட்டுவது? நம்மை நம்பி வேலை செய்கிறவர்களை எங்கே போகச் சொல்வது?

விட்டுக்கொடுத்த நிலம் என்கிறாய். விட்டுக்கொடுக்கிறவனை முதலில் கேட்க வேண்டாமா? வாசலில் வந்து, "எங்களுக்கு இந்த எடம் வேணும், என்ன சொல்றீங்க" என்று கேட்டிருந்தால் நான் உட்கார வைத்துப் பேசியிருப்பேன். கொடுத்திருப்பேனா என்பது வேறு விஷயம். இங்கே யாரும் இல்லை, எதுவும் நடக்கவில்லை என்று எழுதிவிட்டு எடுக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் கை வெந்து உழைத்த இடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன், இவர்கள் சோறே இல்லை என்கிறார்கள்.

ஒரு முடிவு எடுத்துவிட்டேன். இனி இந்த முற்றம் ஒரு நாளும் வெறுமனே கிடக்காது. போன ஞாயிற்றுக்கிழமை காயப்போடத் துணியே இல்லை. வீட்டு ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றித் தொங்கவிட்டேன். அன்று முழுக்கத் தெருவே நம் வீட்டுக்குள் பார்த்தது. பார்க்கட்டும்.

நம்மிடம் கறுப்புக் கோட்டு வெளுக்கக் கொடுக்கிற வக்கீலம்மாவிடம் பேசினேன். நிலம் பயன்பாட்டில் இருக்கிறது, மறுபடி வந்து பாருங்கள் என்று மனுப் போடலாம் என்றார். மனு ஏறிவிட்டால் ஒப்படைப்பு நின்றுவிடுமாம். ஒரே ஒரு நிபந்தனை, பத்திரத்தில் பெயர் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாரும் என்றால் நானும் நீயும்தான்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆடிட் நேரம், ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. இங்கே மூவரும் சுகம். குட்டிக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து போனது.

மனு விஷயம். அரசுக்கு எதிரான மனுவில் அரசு ஊழியன் கையெழுத்துப் போடுவதென்றால் மேலிடத்தில் சொல்லிவிட்டுச் செய்வதுதான் வழக்கம். சொன்னால் என்ன சொல்வார்கள் என்பதும் வழக்கம்தான். என் கையெழுத்து இல்லாமல் முடியுமா என்று வக்கீலம்மாவை மறுபடி ஒரு முறை கேட்டுப் பார். ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம், கொஞ்சம் பொறு.

இந்த ஆண்டு பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சும்மா எழுதினேன்.

உன் முதல் கடிதத்தைப் படித்ததிலிருந்து வேலையில் ஒரு தொந்தரவு. எந்த இடத்துக்கு அளக்கப் போனாலும், என்னைப் பார்த்ததும் இவர்கள் எதை எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள் என்றே யோசனை போகிறது. இத்தனை நாள் அது தோன்றியதே இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

குட்டியின் காய்ச்சல் சுத்தமாக விட்டதா? வெந்நீரே கொடுக்கச் சொல்.

வக்கீலம்மாவைக் கேட்டேன். உன் கையெழுத்து இல்லாமல் மனு நிற்காது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். இத்துடன் மனுவை வைத்திருக்கிறேன். என் கையெழுத்துக்குக் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறது.

ஒரு பழைய விஷயம் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து முதல் லீவுக்கு நீ ஆபீஸ் ஜீப்பில் வந்து இறங்கினாய். ஜீப்பைப் பார்த்ததும் அப்பா, "அதிகாரி வர்றாரு, துணிய எறக்குங்க" என்றார். எல்லாரும் இறக்கினோம். பெருமையில்தான் சொன்னார், பாவம். நீ நிமிர்ந்து நடந்து வந்தாய். ஆனால் உன் முகம் சுருங்கிப் போனதை நான் பார்த்தேன். அன்றிரவு நீ சரியாகச் சாப்பிடவில்லை. இன்றுவரை அதைப் பற்றி நாம் பேசியதில்லை.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உனக்குக் குடும்பம் இருக்கிறது, குழந்தை இருக்கிறாள். கையெழுத்துப் போடாவிட்டாலும் நீ என் தம்பிதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் முற்றம் போய்விடும். இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவு செய்.

அன்புடன்,
அக்கா


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலமா? மனு வந்து சேர்ந்தது. உன் கையெழுத்து இருந்தது, கடிதம் இல்லை. உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தேன். அத்தான் விளக்கு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அன்றைக்கே வக்கீலம்மா மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஒப்படைப்பை நிறுத்தி வைத்து உத்தரவு வந்திருக்கிறது. அதிகாரி மறுபடி வந்து பார்த்து எழுதுவாராம், தேதி பிறகு சொல்வார்களாம். கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் தப்பித்தோம்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம், ஆனால் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லாதது உறுத்துகிறது. என் மேல் கோபமா? இருந்தால் அதையாவது எழுது.

அக்கா


ஜூன் 2

தம்பி,

இன்னும் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் போடும் கடிதமெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறது. டீச்சரம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். நலம் என்று ஒரு சொல் போதும்.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் கடிதங்கள் பழைய முகவரியைச் சுற்றிக்கொண்டு இப்போதுதான் வந்தன. மேலே உள்ள புதிய முகவரியைக் குறித்துக்கொள். என்னை இங்கே மாற்றியிருக்கிறார்கள்.

மலைமேல் ஒரு சின்ன ஆபீஸ். நல்ல காற்று, அமைதியான இடம். வேலையும் குறைவு. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி. அளக்கப் போனால் எதை அளக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது. நேற்று என் சட்டைகளை நானே துவைத்துப் போட்டேன். முந்தின வாரம் துவைத்ததே இன்னும் காயாமல் அறைக்குள் தொங்குகிறது, ஒரு மாதிரி வாடை. நீ பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய்.

குட்டி நன்றாகப் படிக்கிறாளாம். டீச்சரும் சுகம்தான்.

உன் மேல் எனக்கு என்ன கோபம். மனு ஏறிவிட்டது கேட்டு நிம்மதி. அத்தானின் கால் தேவலையா?

தம்பி


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானின் காலைப் பற்றி அப்புறம் பேசலாம். யாரிடம் பூசி மெழுகுகிறாய்?

சலவைக்காரர் வீட்டில் பிறந்தும் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாதவன் நீ. உன் சட்டையை நீயே துவைக்கிறாய் என்றால் அந்த அறையில் நீ தனியாக இருக்கிறாய். பள்ளிக்கூடத்தை விட்டு டீச்சரம்மாவால் வர முடியவில்லை, குட்டியையும் நடுவில் பெயர்க்க முடியவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குளிர் என்றாலே போர்வைக்குள் சுருண்டுகொள்கிறவன், நல்ல காற்று என்று எழுதுகிறாய்.

உண்மையைச் சொல். அந்தக் கையெழுத்துக்குக் கொடுத்த தண்டனையா இது?

நான்கு நாளாக எனக்கு எதுவும் ஓடவில்லை. என் முற்றத்தைக் காப்பாற்ற உன் குடும்பத்தை இரண்டாக்கிவிட்டேனே என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மனுவை வாபஸ் வாங்கினால் உன்னைப் பழைய இடத்துக்கு அனுப்புவார்களா? வக்கீலம்மா, "அதுக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்கம்மா" என்றார். இருந்தாலும் நீ ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே வாங்கிவிடுகிறேன். நிலம் எனக்குப் பெரிதுதான், உன்னை விடப் பெரிது இல்லை.

இரண்டு பெட்டி கற்பூர உருண்டையும் ஒரு கம்பளியும் அனுப்பியிருக்கிறேன். சட்டையைத் துவைத்ததும் அப்படியே தொங்கவிடாதே, துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்துவிட்டுப் போடு.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பளி வந்தது. துண்டில் சுருட்டி மிதித்தேன், சட்டை ஒரே நாளில் காய்ந்துவிட்டது.

மனுவை வாபஸ் வாங்கினால் நான் உன்னோடு பேச மாட்டேன். இதை விளையாட்டாக எழுதவில்லை.

நீ ஊகித்தது சரிதான். யாரிடமும் அனுமதி கேட்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். கேட்டால் கிடைக்காது. பத்திரத்தில் இருப்பது என் பெயர், என் பதவி இல்லை. விஷயம் தெரிந்ததும் மேலதிகாரி கூப்பிட்டார். "நீங்க எந்தப் பக்கம்?" என்றார். "அக்கா பக்கம்" என்றுதான் வாய் வரை வந்தது. "பத்திரத்தின் பக்கம் சார்" என்றேன். மறுவாரம் மாற்றல் வந்தது. பட்டியலில் என் பெயர் இல்லை. மனுவோடு கடிதம் வைத்தால் பயத்தையும் சேர்த்து எழுதிவிடுவேன் என்றுதான் வைக்கவில்லை. டீச்சரிடம் முன்னாலேயே சொன்னேன். "போடுங்க, சமாளிச்சுக்கலாம்" என்றவள் அவள்தான். உன் கடிதத்துக்கு அவளைப் பதில் எழுத விடாமல் தடுத்தது நான். குட்டியை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன்.

அப்பா துணியை இறக்கச் சொன்ன அன்றைக்கு என் முகத்தை நீ பார்த்திருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. அன்று நான் நம் வீட்டுக்கு விருந்தாளியாகிவிட்டேன் என்று நினைத்தேன். அதற்கப்புறம் எத்தனையோ முறை வந்தும் அந்த நினைப்பு போகவில்லை. மனுவில் உன் கையெழுத்துக்குக் கீழே எழுதும்போதுதான் போயிற்று. அதை நீ வாபஸ் வாங்கிவிடாதே.

ஒரே ஒரு விஷயம். அதிகாரி மறுபடி வரும்போதும் கண்ணில் படுவதைத்தான் எழுதுவார். ஒரு கைக்குட்டையைக்கூட எடுத்து வைக்காதீர்கள். அத்தானிடம் நன்றாகச் சொல்லி வை, அவர் கை சும்மா இருக்காது.

தம்பி


ஆகஸ்ட் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று நிதானமாக எழுதப் பொறுமை இல்லை. அதிகாரி நேற்று வந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு வாரமாக இங்கே மழை. நம் வேலையாள் நெட்டை, "அக்கா, இந்த மழையில தொங்கவிட்டா காயவா போகுது?" என்று தினமும் புலம்பினான். "காயுறதுக்கு இல்ல, இருக்குறதுக்கு" என்று சொல்லித் தொங்கவிட்டோம். மழைக்கு நனைந்ததை மறுபடி அலசினோம், மறுபடி போட்டோம். நேற்றுக் காலைதான் வானம் கொஞ்சம் வெளுத்தது. ஆஸ்பத்திரி விரிப்பு ஒரு வண்டி நிறைய வந்து, கடைசிக் கொடி வரை நிறைத்துவிட்டோம்.

ஜீப் சத்தம் கேட்டதும் உன் அத்தானின் கை தானாகக் கொடிக்குப் போய்விட்டது. நீ எழுதியதை நான்கு தடவை படித்துக் காட்டியிருந்தேன், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டவர்தான். இரண்டு துணிக்கவ்வியைக் கழற்றியும்விட்டார்.

"தொடாதீங்க" என்றேன்.

"பெரிய மனுஷன் வந்திருக்காரு. எப்படி அப்படியே விடுறது?"

"வரட்டும். துணி இருக்கட்டும்."

கவ்வியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வந்தவரை மதிக்காமல் அவர் வாழ்ந்ததே இல்லை. பிறகு இரண்டையும் மறுபடி மாட்டினார்.

போன தடவை வந்த அதே அதிகாரிதான். அளவு நாடா பிடிக்க ஓர் உதவியாளர் கூட வந்திருந்தார். வக்கீலம்மா நாம் வெளுத்துக் கொடுத்த கோட்டோடு வந்து நின்றார். அதிகாரி முதல் கொடிக்கு முன்னால் நின்று, "அம்மா, இதெல்லாம் கொஞ்சம் எறக்கச் சொல்லுங்க. போன தடவ மாதிரி ஒரு சுத்து பாத்துட்டுப் போயிடுறேன்" என்றார்.

"போன தடவ உங்க மரியாதைக்கு எறக்கினோம் சார். காலின்னு எழுதிட்டீங்க. இன்னைக்கு எறக்க மாட்டோம். குனிஞ்சு வாங்க."

சொல்லிவிட்டு வழியை விட்டு விலகி நின்றேன்.

அவர் வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா வானத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டு குனிந்தார். முதல் வரிசை, இரண்டாவது வரிசை. மூன்றாவதில் ஈர விரிப்பு ஒன்று முகத்தோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தவர் அதன் மூலையில் இருந்த முத்திரையைப் படித்தார்.

"இது நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரியுதா?"

"உங்க ஆஸ்பத்திரியுதுதான் சார். எல்லாம் அதுதான்."

விரிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாடா பிடித்த உதவியாளர் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சார், எங்க இருக்கீங்க?" என்று கத்தினார். உள்ளேயிருந்து, "தெரியலப்பா, நீ நாடாவ விட்டுடாத" என்று பதில் வந்தது. வக்கீலம்மா கோட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி நான்கு தடவை வழி தவறி, நான்கு தடவையும் பாய்லர் அறைக்குள் போய் வந்தார். கம்பம் நிற்கிற குழாய்களை அத்தான் ஒவ்வொன்றாகக் காட்டினார். வெளியே வரும்போது அதிகாரிக்குத் தலையெல்லாம் ஈரம், முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. அத்தான் ஓடிப்போய் நல்ல காய்ந்த துண்டு ஒன்றைக் கொடுத்தார். அதை நான் தடுக்கவில்லை.

துடைத்துக்கொண்டே, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே சார்" என்றேன்.

ஜீப்பின் மேல் காகிதத்தை வைத்து அங்கேயே எழுதினார். வக்கீலம்மா எட்டிப் படித்துவிட்டு என் தோளை அழுத்தினார். 'சலவைத் தொழிலுக்குத் தொடர்ந்து பயன்பட்டு வருகிறது' என்று எழுதியிருந்தாராம். அதைக் கேட்டதும் நான் உள்ளே போய் அழுதேன். உத்தரவு வர இன்னும் சில வாரம் ஆகுமாம்.

உனக்குச் சட்டை காய்கிறதா?

அக்கா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை காய்கிறது. உன் கடிதத்தை அறையில் தனியாக உட்கார்ந்து படித்து, அந்த நாடாக்காரர் கட்டம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். சுவருக்கு அப்பால் குடியிருக்கிற போஸ்ட்மாஸ்டர் என்னவென்று கேட்டு வந்துவிட்டார். அவருக்கும் படித்துக் காட்டினேன்.

இங்கே ஒரு விஷயம். போன வாரம் ரோடு வேலைக்காக ஒரு வீட்டுப் பின்புறத்தை அளக்கப் போனேன். சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தது. அந்த வீட்டு அம்மாவிடம், "நான் வர்றேன்னு ஏதாவது எடுத்து வச்சீங்களா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே கொட்டகைக்குள் காட்டினார். ஆட்டுப்பட்டியின் தடுப்பு மொத்தமும் அங்கே சாய்த்து வைத்திருந்தது, ஆடுகள் பக்கத்து வீட்டில் இருந்தன. "எல்லாத்தையும் இருந்த மாதிரி வைங்க, நாளைக்கு வந்து எழுதுறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். என் உதவியாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த மலையிலிருந்து என்னை இன்னும் மேலே மாற்ற இடம் இல்லை, அதனால் பயமும் இல்லை.

எனக்குப் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. டீச்சரையும் குட்டியையும் அழைத்துக்கொண்டு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வருகிறேன். ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டாம்.

அத்தானுக்கு வணக்கம். அந்த இரண்டு கவ்விகளை அவர் மறுபடி மாட்டியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தான் கடைசியில் தைலம் தேய்க்க ஆரம்பித்திருக்கிறார், குட்டி வரும்போது தூக்க வேண்டுமாம்.

உத்தரவு வந்துவிட்டது. சுவரில் ஒட்டிய நோட்டீஸை ரத்து செய்திருக்கிறார்கள். நெட்டை அதைக் கிழித்தெடுக்கப் போனான், நான் வேண்டாம் என்றேன். மழையில் தானாக உரியட்டும்.

ஆனால் விஷயம் முடிந்துவிடவில்லை. வண்டி நிறுத்த அவர்களுக்கு இடம் வேண்டும்தானே. இனி முறைப்படி கேட்டு வருவார்களாம். ஏன் இந்த இடம், ஏன் வேறு இடம் இல்லை, பதிலுக்கு என்ன தருவார்கள் என்றெல்லாம் விசாரணை வைத்து நம் முன்னால் சொல்ல வேண்டுமாம். "வருஷக்கணக்கா இழுக்கும், கடைசில அவங்க ஜெயிச்சாலும் ஜெயிக்கலாம்" என்று வக்கீலம்மா ஒளிக்காமல் சொன்னார். வரட்டும், ஒரு கை பார்க்கலாம். இந்தத் தடவை வாசல் வழியாக வந்து என்னிடம் கேட்க வேண்டும். முடியாது என்று சொல்ல இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்கியாகிவிட்டது. உன்னைத் திரும்பக் கொண்டுவர என்ன மனுப் போடலாம் என்றும் வக்கீலம்மாவைக் கேட்டிருக்கிறேன். அதற்கும் ஒரு வழி பார்க்காமல் விட மாட்டேன்.

ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். செய்யப்போவதும் இல்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அத்தான் தயங்கித் தயங்கி, "தம்பி குடும்பத்தோட வர்றாரு. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் துணிய எறக்கிடலாமா?" என்று கேட்டார்.

"அவன் என்ன வெளியாளா?" என்றேன்.

பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரி விரிப்பு வருகிற நாள். முற்றம் நிறையத் தொங்கும். குட்டி நிமிர்ந்தே வரலாம், அவள் உயரத்துக்கு இடிக்காது. நீ குனிந்து வா.

அன்புடன்,
அக்கா